பாதியில் நின்ற கோடு

ரெண்டு மணிக்குப் போகிற கரண்ட் அஞ்சு மணிக்குத்தான் வரும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள், மாசத்துக்கு ஒருநாள் உள்ளதுதான், லென்ஸ் தேய்க்கிற மிஷின் ஒரு வலது கண்ணைப் பாதி தேய்த்த நிலையில் நின்றுவிட்டது, சங்கரலிங்கத்துக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது, உள்ளதைச் சொன்னால் ஒரு கள்ளச் சந்தோஷம்கூட. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் அவருடைய கண்ணாடிக்கடை, ஒரே அறை, இருபத்தாறு வருஷமாக அதே அறை. மதியம் ரெண்டிலிருந்து நாலு வரைக்கும் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளிச்சம் விழுகிற பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேஜை டிராயரைத் திறந்து லென்ஸ் உறைகளுக்கு அடியில் கையை விட்டு லைப்ரரி புஸ்தகத்தை எடுத்தார். ஐம்பத்து மூணு வயசு ஆள், சொந்தக் கடையில், பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாத நேரத்தில், திருட்டுத்தனமாகப் புஸ்தகம் படிக்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல. அதுவும் படிக்கிற ஆசையில் படிக்கிறவர் என்றாலாவது பரவாயில்லை. பத்தாம் வகுப்போடு பாடப் புஸ்தகத்தை மூடியவர், அதற்கப்புறம் பேப்பர் தவிர ஒன்றையும் தொட்டதில்லை. எழுத்து என்றால் அவருக்குச் சுவரில் தொங்குகிற பார்வை அட்டைதான், மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறிய எழுத்து, எதுவரை தெரியுது சொல்லுங்க, அவ்வளவுதான். இந்த எட்டு மாசத்தில் மட்டும் முப்பத்தொரு புஸ்தகம் படித்திருக்கிறார். இது முப்பத்திரண்டாவது. மலைப்பாதையில் ரயில்வே கேட் காக்கிற ஒருத்தியைப் பற்றிய நாவல், தொண்ணூற்றாறாம் பக்கத்தில் நின்றிருந்தார், ஏனென்றால் அங்கே ஒரு பென்சில் கோடு இருந்தது.

பென்சில் கோடுதான் அவருக்கு வேண்டியது, கதை அல்ல. கதை எக்கேடும் கெட்டுப் போகட்டும். மகள் அபிராமி எந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறாள், அன்றைக்கு அவள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதுதான். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை நாகர்கோவிலில் அவள் படிக்கிற காலேஜ் ஹாஸ்டலில் இருந்து போன் வந்தது. வார்டன் அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் இன்றுவரை வாயால் சொன்னது கிடையாது, உசுருக்கு ஒண்ணும் ஆகல, சமயத்துல பாத்துட்டோம், உடனே வாங்க என்றதைத்தான் அவரும் ஆவுடையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு டாக்சியில் போனார்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்கப்புறம் வண்ணார்பேட்டை டாக்டரம்மா, மாத்திரை, வாரம் ஒருதரம் உட்கார்ந்து பேசுகிறது. அபிராமி டாக்டரிடம் பேசுவாள், வீட்டில் பேசமாட்டாள். பொழுதன்னைக்கும் என்ன செய்யுதா என்று டாக்டரம்மா கேட்டபோது, வாசிக்கா, லைப்ரரி புஸ்தகம் வாசிக்கா என்றார் இவர். நல்லதுதான், வாசிக்கட்டும், என்ன வாசிக்கா, எதுல நிக்கா, நீங்களும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க என்றார் அவர். மருந்துச் சீட்டு போல அதைப் பிடித்துக்கொண்டார் சங்கரலிங்கம். எதுல நிக்கா. பாத்துக்கிடுங்க. அத வச்சுப் பேசவும் செய்யணும் என்று டாக்டரம்மா கதவுவரை வந்து சொன்னாரே, அது ஏன் காதில் தங்கவில்லை? தங்கியது. தங்காமல் என்ன. பேசுகிறது அவருக்கு வராது. அவருக்கு வந்தது இதுதான், சனிக்கிழமை தோறும் அபிராமியும் அவள் அம்மாவும் போய் எடுத்து வருகிற புஸ்தகங்கள் வாசித்து முடிந்து பைக்குள் வந்துவிடும், அவர் கடைக்குப் போகிற வழியில் லைப்ரரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுப்பதற்கு முன்னால் கடையில் வைத்து ஒரு எழுத்து விடாமல் படித்துவிட வேண்டும்.

கோடு போட்ட ஒவ்வொரு வரியையும் காலி லென்ஸ் உறையின் பின்பக்கம் எழுதி, தேதி போட்டு, பக்க எண் போட்டு வைத்திருந்தார். வலது கண் இவ்வளவு, இடது கண் இவ்வளவு என்று எழுதுகிற அதே கையெழுத்து. முதல் மாசம் ஒரு தேனீ வளர்ப்புப் புஸ்தகம் வந்தது. தேனீயில் என்ன இருக்கப்போகிறது என்று அலட்சியமாகத் திருப்பியவர் நாற்பதாம் பக்கத்தில் அதிர்ந்துபோனார். 'வெளியே போன தேனீ திரும்பவில்லை என்றால் கூட்டில் எந்த வேலையும் அதற்காக நிற்பதில்லை.' அடியில் கோடு. அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். அபிராமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏம்ப்பா மூச்சு வாங்குது என்றாள். சும்மாதான் என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு, அவள் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார், டாக்டரம்மா பூட்டி வைக்கச் சொல்லியிருந்ததையெல்லாம் அன்றைக்குத்தான் ஒன்று விடாமல் பொறுக்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார், சாவியை ஆவுடை கையில் கொடுத்து, இத உன் இடுப்பவிட்டு எடுக்காத என்றார். அவளும் சரி என்று வாங்கிச் செருகிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சாவி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நல்ல பொறுப்பான பொம்பிளை. அந்த விஷயத்தில் அவர் கொடுத்து வைத்தவர்தான், இத்தனை கஷ்டத்திலும் ஒருநாள் அடுப்பு அணைந்தது கிடையாது, ஒருநாள் முகம் சுளித்தது கிடையாது, அவள் ஒருத்தி நேராக நிற்கிறதால்தான் வீடு நிற்கிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம்கூட சொல்லியிருக்கிறார்.

தொண்ணூற்றாறாம் பக்கம். 'கேட்டைத் திறந்துவிட்டவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போக வேண்டியவர்கள் எல்லோரும் போய்விட்டால்' என்ற இடம்வரை கோடு வந்து நின்றுவிட்டது. மீதி வரிக்கு அரை நகம் தள்ளி, கொஞ்சம் கீழே இறங்கி, வேறொரு கோடு ஆரம்பித்திருந்தது. 'அவள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போகலாம்.' சங்கரலிங்கம் அதை மறுபடி வாசித்தார். விளக்கை அணைத்துவிட்டு. உள்ளே. எதுக்குள்ளே? இந்தப் பிள்ளையின் கோடு எப்போதும் இப்படித்தான், பாதியில் நிற்கும், அப்புறம் இடம் மாறித் தொடரும், போடவா வேண்டாமா என்று யோசித்துப் போடுகிறாள் போல என்று நினைத்துக்கொள்வார், அந்த யோசனையே அவருக்கு ஆறுதல், யோசிக்கிறாள் என்றால் இன்னும் இழுபறியில் இருக்கிறாள், முடிவு கட்டவில்லை. பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பெருங்காய வாசனை அடித்தது. சாப்பிடுகிற இடத்தில் வைத்துப் படிக்கிறாள் கழுதை, லைப்ரரி புஸ்தகத்தை. பெருங்காய வாசனையில் ஆவுடை ஞாபகம் வந்தது. தை மாசம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து, ஊசி கோக்கத் தெரியல, எனக்கும் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுத் தாங்க என்று இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். கட்டிக்கொண்டு இருபத்து மூணு வருஷத்தில் அவள் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார், அதுவும் டார்ச் அடித்து. கீழ்இமை சிவந்து கிடந்தது. தூக்கம் இல்லையா என்று கேட்க வாயெடுத்தார், அதற்குள் ஒரு பார்ட்டி வந்துவிட்டார். படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்து, கீழ்வரி தெரியுதா பாரு என்றார். அவள் தெரியுது என்று சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, மேலிருந்து கீழ்வரை வாய் அசைய முழுசும் வாசித்தாள், ஏட்டி, பரீட்சையா எழுதப்போற என்று கேலி பண்ணினார், வந்திருந்த பார்ட்டியும் சிரித்தார். ஆவுடை சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் அவள் ஊசி கோத்து அவர் பார்க்கவே இல்லை, இப்போது யோசித்தால் வீட்டில் தையலே நடக்கவில்லை, சட்டைப் பொத்தான் ஒன்று மார்ச் மாசத்திலிருந்து அறுந்து தொங்குகிறது, கேட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று விட்டுவிட்டார். இது எதுக்கு இப்போ. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போகலாம். அதை நினை. பிள்ளை இன்றைக்குத் தனியாகப் போயிருக்கிறாள்.

ஆமாம், இன்றைக்குத்தான் முதல்முறை தனியாக. காலேஜில் மறுபடி சேர்கிறதைப் பற்றிப் பேச நாகர்கோவில் பஸ் ஏறியிருக்கிறாள். கூட வாறேன் என்று இவர் சட்டை மாட்டியபோது ஆவுடைதான் தடுத்தாள், அவளே போயிட்டு வரட்டும், இனிமே அவ தனியாத்தான எல்லாம் செய்யணும் என்றாள். பஸ் ஸ்டாண்டுவரை போய் ஏற்றிவிட்டு வந்தாள். புஸ்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு போனைப் பார்த்தார், பார்க்கிற நேரத்தில் அதுவே அடித்தது, அபிராமி. எடுக்கவே பயம், அந்தப் புதன்கிழமைக்கப்புறம் எந்த போனும் அவருக்குச் சும்மா அடித்ததில்லை. "அப்பா" என்றாள், குரலில் சிரிப்பு இருந்தது, "எச்ஓடி சரின்னுட்டாங்கப்பா. ஜூன்ல வந்து சேருன்னுட்டாங்க. ஹாஸ்டல் வேண்டாம், வெளிய ரூம் எடுத்துக்கிடுதேன், மாலதி கூட. பஸ் ஏறிட்டேன், ஆறு மணிக்கு வந்துருவேன்." சரிம்மா, சரிம்மா என்றார், கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது, சாமி, என் பிள்ள தப்பிச்சுட்டா, தப்பிச்சுட்டா. "அம்மாட்ட சொன்னியா?" "சொல்லிட்டேன். ரொம்ப சந்தோசப்பட்டா. இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்லன்னா. அப்புறம்ப்பா, அந்த லைப்ரரி புக்கு, கேட் காக்குற பொம்பளைக் கதை, குடுத்துட்டீயளா? குடுக்கலன்னா வச்சிருங்க, அம்மா நல்லாருக்குன்னா, பஸ்ல ஒரு பக்கமாவது ஓடுதான்னு பாக்கத் தேடுதேன், பையில காணும்." "நீதான படிச்சு முடிச்ச?" "நானா? எனக்கு எங்கப்பா ஓடுது. அந்த மாத்திரைக்கு ரெண்டு பக்கம் வாசிச்சா எழுத்து நீந்துது. எடுக்கது என் கார்டு, வாசிக்கது அம்மா. எட்டு மாசமா அம்மாதான் வாசிக்கா." பஸ்ஸில் யாரோ டிக்கெட் கேட்டார்கள். "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அபிராமி.

தெரியாது என்று சொன்னாரா, சொல்லாமலே வைத்தாரா, ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் மிஷினுக்குள் பாதி தேய்ந்து நிற்கிற வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டிராயரை மொத்தமாக உருவி மேஜைமேல் கவிழ்த்தார். லென்ஸ் உறைகள் சரிந்து விழுந்தன. இருபத்து நாலு உறை. அத்தனையையும் எட்டு மாசமாக ஒரு பத்தொன்பது வயசுப் பிள்ளையின் குரலில் மனசுக்குள் வாசித்தவர், இப்போது முதல் உறையை எடுத்து ஆவுடையின் குரலில் வாசித்துப் பார்த்தார். திரும்பவில்லை என்றால் கூட்டில் எந்த வேலையும் அதற்காக நிற்பதில்லை. அதே வரிதான். ஒரு எழுத்து மாறவில்லை. அடுத்தது, ஐப்பசி மாசம், ஒரு நாவல். 'அவள் சமைத்திருந்தாள், அதனால் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.' அடப்பாவி, இதை வாசித்துவிட்டு அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டார், பிள்ளைக்கு அம்மாமேல் இரக்கம் வந்திருக்கு, அடுத்தவங்களை நினைக்க ஆரம்பிச்சுட்டா, குணமாகுது என்று, டாக்டரம்மாவிடம்கூட அதைப் பெருமையாகச் சொன்னார், அன்றைக்கு ராத்திரி ஆவுடை சாப்பிட்டாளா என்று கேட்டாரா? கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோசையை வாங்கி வாங்கித் தின்றுகொண்டு அபிராமியின் முகத்தையே பார்த்தார். போன மாசம், ஒரு நர்ஸ் எழுதின வாழ்க்கைக் கதை. அந்த உறையை எடுக்கவே கை வரவில்லை. எடுத்தார். 'ஒவ்வொருவராக எழுந்து நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆளும் குணமாகிப் போன பிறகு எனக்கு அந்த வார்டில் என்ன வேலை?' கடைசி ஆளும் குணமாகிப் போன பிறகு. போக வேண்டியவர்கள் எல்லோரும் போய்விட்டால். ஜூன்ல வந்து சேருன்னுட்டாங்கப்பா. ரொம்ப சந்தோசப்பட்டா. இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்லன்னா. அவ தனியாத்தான எல்லாம் செய்யணும். எந்தப் பிள்ளை குணமாக வேண்டும் என்று கோயில் கோயிலாகக் கும்பிட்டாரோ அந்தப் பிள்ளை குணமாகிவிட்டாள், இன்றைக்கு, பத்து நிமிஷத்துக்கு முன்னால், அந்தச் செய்தி அவருக்கு முன்னாலேயே ஆவுடைக்குப் போய்விட்டது, அவள் தனியாக இருக்கிறாள், சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. சாவியை அவர்தான் கொடுத்தார். இதே கையால் கொடுத்தார். உன் இடுப்பவிட்டு எடுக்காத என்று சொல்லிக் கொடுத்தார்.

போனில் அவள் பேரைத் தேடினார். ஆ வரிசையில்தான் இருக்கிறது, இருந்தும் விரல் தாண்டித் தாண்டிப் போனது. அடித்தார். மணி போனது. மதியம் மூணரைக்கு அவள் என்ன செய்வாள்? இருபத்து மூணு வருஷத்தில் மதியம் மூணரைக்கு அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியாது. படுத்திருப்பாளா, படுக்கிற பழக்கம் உண்டா, பக்கத்து வீட்டில் பேசுவாளா, யாரோடு பேசுவாள்? மணி போய் நின்றது. மறுபடி அடித்தார். எழுந்தார், செருப்பைத் தேடினார், செருப்பு காலில்தான் இருந்தது. லைப்ரரிக்குத் துணைக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தார், அலமாரிக்கு அலமாரி நின்று உங்க அம்மாவும் புஸ்தகம் பார்ப்பாளா என்று அபிராமியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாசித்து முடித்த புஸ்தகத்தைப் பைக்குள் போடுகிறது யார்? அவள்தான். பையை அவர் கையில் கொடுக்கிறது யார்? அவள்தான், ஒவ்வொரு வாரமும், கொடுத்துவிட்டு ஒரு நொடி அவர் முகத்தைப் பார்ப்பாள், என்ன என்பார், ஒண்ணுமில்ல என்பாள். ரெண்டாவது மணியும் போய் நின்றது. ஷட்டரை மேலே தள்ளினார், வெயில் முகத்தில் அடித்தது, மூன்றாவது தடவை அடித்துக்கொண்டே படி இறங்கினார், கடை திறந்து கிடந்தது, கிடக்கட்டும், எடுத்துட்டுப் போறவன் போகட்டும். "என்ன?" என்றது போன்.

"என்ன, எதுக்கு இத்தன தடவ? பின்னால துணி எடுத்துக்கிட்டு நின்னேன். அபி சொன்னாளா?" சொன்னா என்றார். ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ கத்திக்கொண்டு போனது. "ஆவுடை" என்றார். அவளைப் பேர் சொல்லி அவர் கூப்பிடுகிறது கிடையாது, ஏளா, ஏட்டி, இங்க வா, அவ்வளவுதான். "அந்தப் புஸ்தகத்துல எல்லாம் கோடு போட்டது நீயா?" வெயிலில் நின்றுகொண்டு காதை போனோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். "இப்பந்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "நீங்க கடையில வச்சுப் படிக்கது எனக்குத் தெரியும். மொதப் புஸ்தகத்த லைப்ரரில குடுக்க மறந்துட்டு, உங்க லென்ஸ் உறை ஒண்ணு உள்ள கிடக்க வீட்டுக்கே கொண்டாந்துட்டீய. சரி, மனுசன் படிக்காரு, பாத்தா கேப்பாருன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாரமும் நெனச்சேன்." அபிதான்னு நெனச்சேன் என்றார். சொன்னதும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. "ஆமா, அபிதான்னு நெனச்சிருப்பீய" என்றாள் ஆவுடை.

"சாவி எங்க இருக்கு?" என்றார். அவளிடமிருந்து ஒரு சத்தம், அழுகையும் இல்லை சிரிப்பும் இல்லை, மூக்கு வழியாக வந்தது. "ஆவுடை, நான் வாறேன். போன வைக்காத. நான் இப்பம் வந்துகிட்டே இருக்கேன், எதுவும் பேச வேண்டாம், சும்மா கையில வச்சிரு. வைக்காத." நடந்தார், ஓடுகிற மாதிரி நடந்தார், எதிரில் வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினார், பெருமாள்புரம் என்றார், காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது, வீட்டு ஹாலில் இருக்கிற கடிகாரம், அவள் ஹாலில் இருக்கிறாள், அலமாரியும் ஹாலில்தான் இருக்கிறது. என்னமாவது பேசு என்று சொல்ல நினைத்தார், பேச வேண்டாம் என்று சொன்னவர் அவர்தானே. அப்போது குக்கர் விசில் அடித்தது. சாயங்காலத்துக்குப் பிள்ளைக்கு என்னவோ வேகவைத்திருக்கிறாள். தட்டென்று போன் எங்கோ வைக்கப்பட்டது. அவளுடைய காலடிச் சத்தம் தூரம் போனது, அப்புறம் ஒன்றுமில்லை. சங்கரலிங்கத்துக்கு அந்தக் கோடுகள் எல்லாம் ஏன் பாதியில் நின்றன என்று அந்த ஆட்டோவில் வைத்துத்தான் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அரை நகம் தள்ளி, கொஞ்சம் கீழே, மீதிக் கோட்டைப் போட்டிருக்கிறாள். அத்தனை தடவையும் திரும்பி வந்திருக்கிறாள். இப்போதும் வரவேண்டும். வண்டி சிக்னலில் நின்றது. விசில் மறுபடி ஒன்று அடித்தது, அணைக்கவில்லையா, அணைக்காமல் எங்கே போனாள்? மூணாவது விசில் பாதியில் அடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு போனை நெஞ்சோடு வைத்து அழுத்தினார், மறுபடி காதுக்குக் கொண்டுபோனார், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தார், கடிகாரம், கடிகாரம், வெகு நேரம் கடிகாரம் மட்டும். அப்புறம் என்னவோ உரசுகிற சத்தம்.

"இருக்கீயளா?" என்றாள் ஆவுடை.